தோபியாசின் பின்னால் வந்த தண்ணீர்

ஒரு லாரித் தண்ணீர் ஒரு மனிதனின் பின்னால் நடந்து வந்த வருஷத்தைப் பற்றிச் சேந்தன்துறையில் இன்றைக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்லுவார்கள். சொல்லும்போது குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள், ஏனென்றால் அந்தத் தண்ணீர் இன்னும் தேரி மேட்டில்தான் இருக்கிறது, அதற்குக் காதும் நன்றாகவே கேட்கும்.

தீயில்தான் எல்லாம் ஆரம்பம். ஊருக்கு மேற்கே, செம்மணல் தேரியின் உச்சியில், ஒரு மணல் கம்பெனி இருந்தது. கடற்கரையின் கருமணலை அள்ளிக்கொண்டு போய், சலித்து, அரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாத மிச்ச மண்ணைச் சாக்குச் சாக்காய்க் கட்டி ஒரு கொட்டகையில் அடுக்கிவிட்டு, ஒருநாள் கம்பெனிக்காரர்கள் கேட்டைப் பூட்டிக்கொண்டு போயே போய்விட்டார்கள். அந்த மிச்ச மண்ணில்தான் விஷயமே இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல், மூக்குக்கு எட்டாமல், தொட்டால் சுடாமல் ஒரு கதிர் அதிலிருந்து ராப்பகலாய் வந்துகொண்டே இருந்தது. அதற்காக வேலியில் மூன்று இதழ் படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரில் பாதிப்பேர் அதை ஏதோ ஃபேன் கம்பெனி விளம்பரம் என்றே நினைத்திருந்தார்கள்.

ஆடி மாசத்தில், கச்சான் காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற ஒரு நடுப்பகலில், அந்தக் கொட்டகை பற்றிக்கொண்டது. பழைய ரப்பர் பெல்ட்டும் எண்ணெய் டிரம்முமாய் உள்ளே கிடந்த குப்பைகூளம் எரிய, கறுப்பும் மஞ்சளுமான புகை தேரியிலிருந்து இறங்கி, ஊருக்கு நேரே, பள்ளிக்கூடத்துக்கு நேரே வந்தது. தீயணைப்பு நிலைய அதிகாரி பொன்னிலிங்கத்திடம் போனில் நகரத்திலிருந்து சொன்னார்கள், அது சாதாரணத் தீ இல்லை, கதிர்வீச்சு ஆட்கள் வருகிறவரைக்கும் யாரும் கிட்டே போக வேண்டாம், காத்திருங்கள் என்று. பொன்னிலிங்கம் போனை வைத்தார், ஜன்னல் வழியே புகையைப் பார்த்தார், அப்புறம் தன் ஆட்களைப் பார்த்தார்.

"நாம காத்திருப்போம். கச்சான் காத்து காத்திருக்குமாடே?"

வண்டி புறப்பட்டது. குழாய் முனையைப் பிடிக்கிறவன் தோபியாஸ். கடற்கரைக்காரன், தகப்பனும் அண்ணனும் வள்ளத்தில் போகிற குடும்பம், முதன்முதலாய்க் காக்கி போட்டவன். வீடு அலை நனைக்கும் தூரத்தில், வாசல் கடலைப் பார்த்து. வீட்டில் வயிற்றுப்பிள்ளையோடு அவன் பெண்டாட்டி பெல்சி. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, முகமூடி மாட்டி, வெளியே இருந்தபடியே அவன் தண்ணீரை அடித்தான். தகரம் முறுகிச் சரிந்தது, சாக்குகள் வெடித்தன, எண்ணெய் டிரம் ஒன்று ஆள் உயரத்துக்கு எகிறி விழுந்தது. பொழுது சாயும் முன்னே தீ அடங்கியது, புகை அறுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதற்குள் பஸ்ஸில் ஏற்றித் தெற்கே கொண்டு போயிருந்தார்கள், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

இங்கே அந்த நிலையத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்கு நாய்படாத பாடு படுகிற ஊர் அது. தீயணைப்பு வண்டி ரொப்புகிற கிணறும் ஊர் குடிக்கிற கிணறும் ஒன்றே. சைரன் கேட்டால் போதும், வரிசையில் நிற்கிற பெண்கள் ஒரு வார்த்தை முனகாமல் குடத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள், அன்றைக்கு எத்தனை வீட்டில் உலை ஏறாமல் போனாலும் சரி. அந்த நன்றிக்காகவோ என்னவோ, எந்தக் காலத்தில் யார் தொடங்கினதோ, தீ அணைந்ததும் குழாய் பிடித்தவன் கடைசித் தண்ணீரைத் தன் காலடியில் விட்டு, "போதும் தாயி, ரொம்ப அலைஞ்சுட்டே. வா, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் குழாயைச் சுருட்டுவான். அவன் சொன்னதும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதன் வீடு அதுதான் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

அன்றைக்கும் தோபியாஸ் மனசார அப்படியே கூப்பிட்டான்.

ஆனால் அந்த மண்ணுக்குள் இறங்கத் தண்ணீருக்கு மனசு வரவில்லை. சாம்பலும் மிச்ச மண்ணும் கரைந்து பழுப்பேறிக் கொட்டகை முழுக்கப் பரவிக் கிடந்த அத்தனை தண்ணீரும் மெல்ல ஒரு இடத்தில் கூடிற்று, மூலைமுடுக்கில் தேங்கினதையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொண்டது, கரிந்த வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து தோபியாசின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவன் வண்டியைப் பார்த்து நடந்தான், அதுவும் நடந்தது. அவன் நின்றான், அதுவும் நின்றது.

"எலேய் தோபியாசு," என்றார் பொன்னிலிங்கம், "ஒன் பின்னால தண்ணி நிக்குடே."

"பாத்தேன் சார். நான்தானே கூப்பிட்டேன்."

அப்போதுதான் நகரத்திலிருந்து கதிர்வீச்சு அதிகாரி வந்து சேர்ந்தாள். அகிலாண்டம் என்று பேர், அதிகம் பேசாதவள், கையில் டிக்டிக்கென்று ஓசையிடும் ஒரு கருவி. தீயணைத்தவர்களின் உடுப்பைக் கழற்றி டிரம்மில் போட்டு மூடினாள். தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் குளிக்க வைத்து, அந்தத் தண்ணீரையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைத்துக்கொண்டாள். தோபியாசின் பக்கத்தில் கருவியைக் கொண்டு போனாள், அது நிதானமாகத்தான் ஓசையிட்டது. பின்னால் நின்ற தண்ணீரிடம் கொண்டு போனாள், கருவி வீல் என்று கத்தியது.

"உங்க உடம்புல பயப்படுற மாதிரி எதுவும் இல்ல, தோபியாஸ். அந்தக் கொட்டகைல இருந்ததையெல்லாம் இந்தத் தண்ணி வாங்கிக்கிடுச்சு. இது கடலுக்குப் போயிடக் கூடாது. போனா மீனுக்குப் போகும், மீன்லேர்ந்து உங்களுக்குத்தான் வரும்."

"என் வீடு கடக்கரைல இருக்கு, மேடம்."

"அப்ப நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து தோபியாசின் இருப்பு தேரி மேட்டில், உடைமரத்தடியில், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு கயிற்றுக் கட்டிலில். தண்ணீர் கொஞ்சம் தள்ளி, தரையை நனைக்காமல், வற்றாமல், அவன் எழுந்திருப்பதையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

சும்மா விட்டார்களா என்றால் விடவில்லை. மணல் மூட்டை அடுக்கி மறித்தார்கள். அது மூட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அகிலாண்டம் மோட்டார் வைத்து உறிஞ்சி, இரும்பு டிரம்களில் அடைத்து, மூடியை வெல்டிங்கால் பற்றவைத்துப் பார்த்தாள். விடிந்தபோது டிரம்கள் பற்றவைத்தது பற்றவைத்தபடியே காலியாய் நின்றன, தண்ணீர் அவன் கட்டிலடியில் சுருண்டு கிடந்தது. "கோவிச்சுக்கிடாதே தாயி" என்று தோபியாஸ் அதனிடம் சொன்னதை அகிலாண்டம் கேட்டாள், கேட்டுவிட்டு மோட்டாரைக் கழற்றி எடுத்து வைத்தாள்.

ஊரும் மெல்ல மெல்ல அதற்குப் பழகிக்கொண்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? அதிகாரி சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு முருங்கைக்காய் பறிக்கிற நீளத் துரட்டியின் நுனியில் தூக்குச்சட்டியைக் கோத்து அவனுக்குச் சோறும் டீயும் நீட்டினார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த வளைவு வந்ததும் விசிலை ஊதாமல் கையால் தட்டிக் காட்டினார்கள், தண்ணீர் மிரண்டுவிடக் கூடாது என்று. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குச் சாமியார் ஒலிபெருக்கி ஒன்றை மேற்கே திருப்பிக் கட்டினார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வந்ததும் கோயிலில் இருந்த அத்தனை சனமும் மேற்கே திரும்பித் தேரியைப் பார்த்துக் கைகூப்பிற்று, தோபியாஸ் அங்கிருந்து கைகூப்பினான், அவன் பின்னால் தண்ணீர் லேசாய்ச் சிலிர்த்தது.

ஒருநாள் கிணற்றடிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஏறி வந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். கோட்டுக்கு வெளியே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து நிழல் பிடித்துப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஏ பாவிகளா, இது நம்ம கிணத்துத் தண்ணியில்லா! அன்னைக்கு நான் குடத்த இழுத்துக்கிட்டு விட்டுக் குடுத்த தண்ணியில்லா! இப்பிடி ஆக்கிப் போட்டானுவளே!"

எல்லாப் பெண்களும் அழுதார்கள். சாவு வீட்டில் அழுகிற மாதிரி, தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தண்ணீர் அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்தது, அப்புறம் தன் நிலைமை தெரிந்ததுபோல் கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டது.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் அழ நேரமில்லை, அவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர்கள் சார்பில் வந்தவன் தோபியாசின் கூடப்பிறந்த அண்ணன் கஸ்பார். ஆறடி ஆள், கடலில் எதற்கும் அசராதவன், கோட்டுக்கு வெளியே நின்று தம்பியைக் கும்பிட்டான்.

"மக்கா, ஒன்னால ஒரு கெடுதி வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒன் மனசு கீழ இறங்கிச்சுன்னா காலும் இறங்கும். இறங்கிராதே. நம்ம கடலு போச்சுன்னா நமக்கு வேற என்னடே இருக்கு?"

"இறங்க மாட்டேண்ணே."

சொல்லிவிட்டான், சொல்வது சுலபம். தேரி உச்சியிலிருந்து பார்த்தால் அவன் வீட்டு ஓடு தெரியும். சாயங்காலம் பெல்சி வாசலில் வந்து நிற்பது தெரியும். வரவர அவள் வயிறு பெரிதாவதுகூட அவ்வளவு தூரத்திலிருந்து அவனுக்குத் தெரிந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி கிட்டேயே வரக்கூடாது என்று அகிலாண்டம் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டதால், புருஷனும் பெண்டாட்டியும் போனில்தான் குடும்பம் நடத்தினார்கள்.

அகிலாண்டமும் சும்மா இருக்கவில்லை. எரிந்த கொட்டகைக்குப் பக்கத்தில், சுவருக்குள் ஈயத் தகடு வைத்து, கனத்த கான்கிரீட்டில், தண்ணீருக்கென்று ஒரு கட்டடம் எழுப்பினாள். முன்னால் சின்ன அறை, பின்னால் ஆழமான தொட்டி, மேலே கூரை, வாசலுக்கு இரும்புக் கதவு. ஐப்பசி மழை பிடிக்கும் முன்னே தண்ணீர் அதற்குள் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் மழையோடு கலந்து தேரியிலிருந்து ஓடையாய் இறங்கிவிடும், அப்புறம் யார் கூப்பிட்டாலும் நிற்காது. கட்டி முடித்தாள். தோபியாஸ் உள்ளே போனான், தண்ணீரும் போயிற்று. அவன் வெளியே வந்தான், அதுவும் வந்தது. எத்தனை தடவை செய்தாலும் அதே கதை. அகிலாண்டம் தலையில் கைவைத்து அந்தப் புது வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேகம் கறுத்துத் திரள்கிற ஒரு காலையில் தோபியாசின் போன் அடித்தது. எடுத்தான். யாரும் பேசவில்லை. ஒரு பச்சைப்பிள்ளை அழுதது.

அவ்வளவுதான், அவன் எழுந்துவிட்டான். தான் எழுந்ததே அவனுக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டினான், தேரியில் சறுக்கி இறங்கினான், தார்ரோட்டில் ஏறினான், போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. பின்னால் தண்ணீர், கடல் வாசம் அடிக்க அடிக்க வேகம் கூடி, உருண்டு திரண்டு வந்தது. கடைகள் சாத்தப்பட்டன. கோயில் மணி அடித்தது. மீன் ஏலம் போடுகிற கொட்டகையைத் தாண்டினால் அப்புறம் மணல்தான், மணலைத் தாண்டினால் அவன் வீடு, வீட்டைத் தாண்டினால் கடல். அந்த ஏலக்கொட்டகை முன்னால், ரோட்டுக்குக் குறுக்கே, கஸ்பார் படுத்திருந்தான்.

"தாண்டிப் போ மக்கா," என்றான் கஸ்பார், வானத்தைப் பார்த்தபடி. "பிள்ளையப் பாக்கப் போறவன நான் எப்பிடித் தடுப்பேன்? என் மேல ஏறிப் போ. தண்ணியும் என் மேல ஏறிப் போவட்டும்."

தோபியாஸ் நின்றான். தண்ணீர் அவன் குதிகாலுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. அவன் ரோட்டில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதான். தூரத்தில் வாசலில் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க பெல்சி வந்து நின்றாள், துணியில் சுற்றின ஒன்றைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். அவன் பார்த்தான். கண்ணீரில் சரியாகக்கூடத் தெரியவில்லை. அப்புறம் எழுந்து, தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேற்கே நடந்தான்.

அன்றைக்கு அகிலாண்டம் பெல்சியைப் பார்க்கப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க மேடம். பிள்ளையப் பாருங்க."

பார்த்தாள். பெண் பிள்ளை. கையை நீட்டியதும் அவள் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது.

"அந்தத் தண்ணிக்கு என்ன வேணும்னே எனக்குப் புரியலம்மா," என்றாள் அகிலாண்டம்.

"அதுல புரியாம போக என்ன இருக்கு? இவரு வீட்டுக்கு வான்னு கூப்பிட்டாரு. அது வீடு கேக்குது. நீங்க கட்டியிருக்கது வீடா?"

"சுவர், கூரை, கதவு எல்லாம் இருக்கே."

"பால் காய்ச்சினீங்களா?"

அகிலாண்டம் விழித்தாள். நகரத்தில் அவள் இருக்கிற அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடப்பதும், அங்கே ஒரு நாளும் பால் காய்ச்சாததும், இன்றைக்கு வரைக்கும் சாயங்காலமானால் வீட்டுக்குப் போவதாய் அவளுக்குத் தோன்றாததும் ஞாபகம் வந்தது. "இல்ல" என்றாள்.

ஆக, மழை இறங்கும் முன்னே தேரி மேட்டில் ஒரு பால்காய்ச்சு நடந்தது. அப்படி ஒரு பால்காய்ச்சு அந்த வட்டாரத்தில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊரே சீர் கொண்டு வந்தது. உப்பு, அரிசி, மஞ்சள், புதுப் பாய், சுவர்க்கடிகாரம், பொன்னிலிங்கம் சார்பில் எவர்சில்வர் குடம், சாமியார் கொடுத்த திரு இருதயப் படம். எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே வைத்தார்கள். பாதுகாப்பு உடுப்பு போட்டுக்கொண்ட அகிலாண்டம் ஒவ்வொன்றாய் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள், போன சாமான் திரும்பாது என்று சொல்லித்தான் வாங்கினாள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கிணற்றடிப் பெண்கள் குலவை போடத் தயாராய் நின்றார்கள். பெல்சி பிள்ளையோடு தேரிக்குக் கீழே, அகிலாண்டம் காட்டின இடத்தில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தோபியாஸ் உள்ளே அடுப்பைக் கிழக்கே பார்த்து வைத்தான். புதுப் பானையில் பால் ஊற்றினான். பற்ற வைத்தான். தண்ணீர் வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது.

"வா தாயி," என்றான். "இதான் நம்ம வீடு."

தண்ணீர் அசையவில்லை. அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது, பால் அப்படியே கிடந்தது. ஒரு குமிழி இல்லை, ஏடு கட்டவில்லை. வெளியே சனம் காத்து நின்றது. தெற்கே ஒரு இடி முழங்கிற்று.

"என்ன, பொங்கிச்சா?" போனில் பெல்சி.

"இல்ல."

"ஏன்?"

அவன் கதவு வழியாகக் கிழக்கே பார்த்தான். அவன் வீட்டு ஓடு தெரிந்தது. இதை இங்கே பூட்டிவிட்டு அங்கே ஓடிவிடலாம் என்றுதான் காலையிலிருந்து அவன் மனசு துடித்துக்கொண்டிருந்தது.

"நான் பொய் சொல்லுதேன்னு அதுக்குத் தெரியுது, பெல்சி."

பிள்ளை சிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப உண்மையாவே சொல்லிருங்க," என்றாள் கடைசியில். "கடக்கரை வீடு இனிமே உங்க வீடு இல்ல. எங்க வீடு. வாங்க, ஒரு நாளும் வராதீங்கன்னு சொல்ல மாட்டேன். விருந்தாளியா வாங்க, சோறு போடுதேன், பிள்ளைய மடியில தாறேன். நீங்க இப்ப நிக்குற அதான் உங்க வீடு. எங்கள நினைச்சுக்கிட்டு அதுக்குப் பொய் சொல்லாதீங்க. நம்ம பிள்ள இந்தக் கடல்ல கால் நனைக்கணும்."

போனை வைத்துவிட்டாள்.

தோபியாஸ் போனைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு சுவரோரம் சாத்திக் கிடந்த திரு இருதயப் படத்தை எடுத்தான். ஆணி தேடினான், அந்தப் புதுச் சுவரில் அடித்து இறக்கினான், படத்தை மாட்டினான், கோணலாய் இருக்கிறதா என்று பின்னால் நகர்ந்து பார்த்தான், நேராக்கினான். பாயை விரித்தான். உப்பை அடுப்படியில் வைத்தான். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான். தன் வீட்டில் ஒருவன் செய்கிற எல்லாவற்றையும் நிதானமாய்ச் செய்துவிட்டு, கிழக்கே பார்க்காமல், வாசலுக்கு வந்தான்.

"தாயி, எங்க ஊருக்காக ரொம்ப அலைஞ்சுட்டே. இதான் என் வீடு. நான் எங்க போனாலும் இங்கதான் திரும்பி வருவேன். உள்ள வா."

பால் பொங்கிற்று. பானை விளிம்பைத் தாண்டி, நான்கு பக்கமும் வழிந்து, அடுப்பில் சுரீரென்று விழுந்தது. வெளியே பெண்கள் குலவை போட்டார்கள், போட்டுக்கொண்டே அழுதார்கள். கஸ்பார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தண்ணீர் வாசற்படி ஏறி, மருமகள் வருகிற மாதிரி மெதுவாய் உள்ளே வந்து, தொட்டிக்குள் இறங்கி, படுத்தது. தோபியாஸ் வெளியே வந்தான். அது வரவில்லை. அகிலாண்டம் கதவைச் சாத்தினாள், அவள் கருவி சத்தம் தணிந்து டிக்டிக்கென்று ஒலித்தது. அதற்கப்புறம்தான் மழை வந்தது, ஐப்பசி முழுக்கப் பெய்தது. தேரி ஓடையெல்லாம் சுத்தமான செந்தண்ணீராய்க் கடலுக்கு ஓடிற்று.

அதிலிருந்து தோபியாசின் வீடு தேரிதான். கனத்த சுவருக்கு இந்தப் பக்கம் அகிலாண்டம் அவனுக்கு ஒரு அறை கட்டிக் கொடுத்தாள், மாசாமாசம் வந்து அவனை அளந்து பார்த்துவிட்டுப் போகிறாள். வரும்போது ஒரு பால் பாக்கெட்டும் கொண்டு வருகிறாள், தன் குவார்ட்டர்ஸிலும் காய்ச்சிவிட்டதாகச் சொன்னாள். அவன் வேலைக்குப் போகிறான், தீ அணைக்கிறான், ஆனால் கடைசித் தண்ணீரை இப்போது எவனும் வாய் திறந்து கூப்பிடுவதில்லை, கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வேலை முடிந்த நாட்களில் கடற்கரைக்குப் போகிறான். பெல்சி வாசலுக்கு வந்து "வாங்க, வாங்க" என்று விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறாள், செம்பில் தண்ணீர் கொடுக்கிறாள், பாய் விரித்து உட்கார வைக்கிறாள். நம்ம வீடு என்று அவன் காதுபட அவள் வாயில் ஒரு நாளும் வராது. அவனும் அடுக்களைக்குள் போகமாட்டான், கூரையில் ஓடு விலகியிருந்தாலும் கஸ்பாரைத்தான் சரிசெய்யச் சொல்லுவான். பிள்ளை வளர்ந்து நடக்கிறது, அலையில் கால் நனைக்கிறது, ஓடி வந்து ஈரக்காலோடு அவன் மடியில் ஏறுகிறது.

போன வாரமும் அப்படித்தான். வெயில் தாழ்ந்தது. தோபியாஸ் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும் என்று பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவன் அதன் தலையைத் தடவினான். வழக்கமாய்ச் சொல்லுவதைத்தான் சொன்னான், சத்தமாய், தேரிவரைக்கும் கேட்கிற மாதிரி.

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

பிள்ளை உதட்டைப் பிதுக்கிற்று. பெல்சி குனிந்து, சட்டையை இறுக்கின அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவன் முகத்தைப் பார்க்காமல் மேற்கே பார்த்துச் சொன்னாள்.

"விடு மக்கா, போகட்டும். தண்ணி தேடும்."